பூவாளக்குடி சண்டைப் பாதுகாப்புக் குழு

பேராவூரணிக்குத் தெற்கே, தென்னந்தோப்புகள் ஓய்ந்து உப்புக்காற்று ஆரம்பிக்கிற இடத்தில் பூவாளக்குடி என்றொரு ஊர் இருக்கிறது. அந்த ஊரில் ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ், அண்ணன் மனைவியும் தம்பி மனைவியுமாக வாழ்ந்துகொண்டு பதினோரு வருடம் ஒருவரோடொருவர் ஒற்றை வார்த்தை பேசாமல் இருந்த இரண்டு பெண்கள்தான், நாடுகளுக்கிடையேயான இரட்டையர் பில்லியர்ட்ஸ் போட்டியில் இந்தியாவுக்காக ஆடக் கடல் தாண்டிப் போனார்கள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பூவாளக்குடியில் அதற்கு யாரும் சிரிப்பதில்லை.

மூத்தவள் இந்திராணி, இளையவள் ஜெயக்கொடி. அவர்கள் புருசன்மார் சாமியப்பனும் உலகநாதனும் சிங்கப்பூரில் பதினைந்து வருடம் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது, எல்லாரும் தொலைக்காட்சிப் பெட்டியும் போர்வையும் கொண்டுவர, இவர்கள் மட்டும் ஒரு பழைய பில்லியர்ட்ஸ் மேசையைக் கால் வேறு உடல் வேறாகக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். வீட்டை ஒட்டிய கொப்பரைக் கிடங்கைக் காலிசெய்து, மேசையை நடுவில் போட்டு, பச்சை விரிப்பை இழுத்து ஆணியடித்து, ஊருக்கு ஒரு கேளிக்கை வேண்டாமா என்றார்கள். ஆறே மாதத்தில் தேங்காய் வியாபாரம் அண்ணனையும் தம்பியையும் ஆளுக்கொரு திசையில் இழுத்துக்கொண்டு போய்விட, கிடங்கும் மேசையும் கம்புகளும் இரண்டு பெண்டாட்டிகளின் தலையில் வந்து விழுந்தன.

சண்டை அதற்குள் வந்துவிட்டிருந்தது. ஜெயக்கொடியின் மகள் அபிராமி பெரியவளானபோது வீட்டு வாசலை அடைத்துப் பந்தல் போட்டு, நானூறு பேருக்கு இலை போட்டுச் சடங்கு நடந்தது. பிறந்த நாள் முதலாக அந்தப் பெண்ணை மடியில் போட்டுத் தூங்கவைத்த பெரியம்மா இந்திராணி, அன்றைக்கு நடு அறையின் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டாள். மஞ்சத்தண்ணி ஊற்ற வரவில்லை, பந்திக்கு வரவில்லை, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏன் என்பதற்கு ஊரில் ஏழு காரணம் சொன்னார்கள். ஜெயக்கொடிக்கு ஒரே காரணம்தான் தெரியும். இந்திராணிக்கு இரண்டும் ஆண்பிள்ளையாய்ப் போன வயிற்றெரிச்சல், வேறென்ன. அன்று மூடிய வாயை அவளும் திறக்கவில்லை, இவளும் திறக்கவில்லை.

பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் ஒரே வீட்டில் குடித்தனம் பண்ண நம் பக்கத்தில் ஒரு வழி இருக்கிறது. சுவரிடம் சொல்வது. "ஏ சுவரே, பால்காரரு வந்தா ஒரு லிட்டர் கூட ஊத்தச் சொல்லு" என்று ஒருத்தி சொல்வாள். "சுவரே, நேத்தே சொல்லியாச்சு" என்று மற்றவள் சொல்வாள். சுவரில்லாத இடத்தில் தூண், தூணில்லாத இடத்தில் பூனை. ஒன்பது வருடம் அந்த வீட்டுச் சுவர்கள் இப்படிச் சளைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தன. கிடங்கில் ஆள் வராத மத்தியானங்களில் இரண்டு பேரும் மேசையின் இரு பக்கமும் நின்று, பேசாமல் பேசாமல் ஆடி ஆடி, பேசினால் செலவாகியிருக்கும் சக்தி அத்தனையும் கம்பின் நுனிக்குப் போய்ச் சேர்ந்து, பட்டுக்கோட்டையிலிருந்தும் அறந்தாங்கியிலிருந்தும் பந்தயம் கட்டி வந்த ஆண்பிள்ளைகளை ஒருவர் விடாமல் தோற்கடித்து அனுப்பினார்கள்.

இந்திராணிக்குத் தொண்டை கட்டிய ஓர் ஆனி மாத மத்தியானத்தில்தான் அது நடந்தது. சுவரிடம் சொல்லக் குரல் இல்லை. அடிக்கக் குனிந்தவள் அப்படியே வெள்ளைப் பந்தின் பக்கத்தில் வாயை வைத்து, "அடுப்புல ரசம் கொதிக்குது, போயி எறக்கச் சொல்லு" என்று காற்றாக முணுமுணுத்துவிட்டு அடித்தாள். பந்து போய் மேசையின் எதிர்ச் சுவரில் முட்டி, இடது பக்கம் திரும்பி, உருண்டு வந்து ஜெயக்கொடியின் முன்னால் நின்றது. அவள் குறிபார்க்கக் குனிந்தபோது, "ரசம் கொதிக்குதாம், எறக்கச் சொன்னாங்க" என்றது. ஜெயக்கொடி கம்பைச் சாய்த்து வைத்துவிட்டுப் போய் ரசத்தை இறக்கி வைத்தாள். திரும்பி வந்து, "எறக்கியாச்சுன்னு சொல்லு" என்று பந்திடம் சொல்லி அடித்தாள். ரசம் நன்றாகத்தான் இருந்தது.

செய்தி ஊருக்குள் போனதும் ஊர் முதலில் கேட்ட கேள்வி, பந்து எப்படிப் பேசுகிறது என்பதல்ல, நமக்கும் பேசுமா என்பதுதான். வாய்க்கால் வரப்புக்காகப் பேச்சை விட்ட அண்ணன் தம்பிகள் வந்தார்கள், ஒரு ரேடியோ விவகாரத்தில் பதினான்கு வருடமாகத் தனித்தனிக் காபி குடிக்கும் ஓய்வுபெற்ற வாத்தியாரும் அவர் சம்சாரமும் வந்தார்கள், சம்பந்தியோடு முறைத்துக்கொண்டவர்கள் வந்தார்கள். பரீட்சித்துப் பார்த்ததில் சில விதிகள் தெரியவந்தன. மூன்று வருடத்துக்குக் குறைந்த சண்டைக்குப் பந்து வாய் திறப்பதில்லை. குடித்துவிட்டு வந்து சொன்னால் மேசையை விட்டுக் கீழே குதித்துவிடும். கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் முறைத்துக்கொண்டிருந்த, திருவிழா நடத்தும் இரண்டு கரைக்காரர்களும் வந்து, பந்திடம் முதலில் பேசுவது யார் என்பதில் முறைத்துக்கொண்டு, பேசாமலேயே திரும்பிப் போனார்கள்.

எல்லாவற்றையும்விட விசேஷமான விதியை வாத்தியார்தான் கண்டுபிடித்தார். பந்து எவ்வளவு தூரம் உருண்டு போகிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு வார்த்தையின் சூடு விரிப்பில் தேய்ந்து குறைந்துவிடும். "அந்த மூதேவிகிட்ட என் கண்ணாடிய எங்க தொலைச்சான்னு கேளு" என்று அவர் ஓங்கி அடித்தது மூன்று சுவரில் முட்டி அவர் சம்சாரத்திடம் வந்துசேரும்போது, "கண்ணாடியப் பாத்தீங்களான்னு கேட்டாரு" என்று ஆகிவிட்டிருந்தது. அந்த அம்மாள் பதினான்கு வருடத்துக்குப் பிறகு வெட்கப்பட்டார்கள். அன்று முதல் ஊரில் எல்லாரும் ஓங்கி அடிக்கப் பழகிக்கொண்டார்கள்.

இப்படியிருக்கும்போதுதான் இரட்டையர் ஆட்டம் என்று ஒன்று இருப்பது ஆசைத்தம்பிக்குத் தெரியவந்தது. ஆசைத்தம்பி கூட்டுறவு அங்காடியில் எடை போட்டு ஓய்வுபெற்றவர். ஊரில் எந்தக் குழு அமைந்தாலும் அதற்குச் செயலாளர். அவர் ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு வந்து கிடங்கில் நின்று படித்தார். ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர், மாற்றி மாற்றி ஆளுக்கொரு அடி. ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசை தப்பாமல் தொட்டுக்கொண்டு போய், ஒன்பதாம் எண் பந்தைக் குழியில் தள்ளுகிற பக்கம் ஆட்டத்தை வெல்லும். ஆட்டம் நடக்கும்போது கூட்டாளிகள் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் ஃபவுல்.

"உலகம் பூரா இந்த விதியிலதான் தோத்துப்போறான்" என்றார் ஆசைத்தம்பி. "பேசாம இருக்க முடியலையாம். நம்மகிட்ட பதினோரு வருச அனுபவம் இருக்கு."

அவர் சொன்னது சரியாகப் போயிற்று. மாவட்டம், மாநிலம், தேசம் என்று ஒவ்வொரு படியிலும் எதிராளிகள் கண்ணைக் காட்டினார்கள், இருமினார்கள், பல்லைக் கடித்தார்கள், கடைசியில் வாய்விட்டுக் கெட்டார்கள். இவர்களோ குனிந்தார்கள், அடித்தார்கள், நிமிர்ந்தார்கள். "ரெண்டாம் நம்பர மெதுவாத் தட்டச் சொல்லு, மூணு எனக்கு நேரா வரும்" என்று ஒருத்தி பந்திடம் சொல்ல, பந்து போய் மற்றவளிடம் சொல்ல, குறிபார்க்கும்போது காது பந்தை ஒட்டி இருப்பதால் நடுவரின் காதில் ஒன்றும் விழுவதில்லை. ஆடுகிற இடத்துப் பந்து எதுவாயிருந்தாலும் சரி, சண்டை சுத்தமாக இருந்தால் அது சேதி கொண்டுபோயிற்று.

தேசத்தின் அணியாக இவர்கள் பெயர் வந்த அன்று பூவாளக்குடியில் வெடி போட்டார்கள். வெடிச் சத்தம் ஓய்ந்ததும் ஊருக்கு ஒரு பயம் வந்தது. இவர்கள் சமாதானமாகிவிட்டால்?

அப்படிப் பிறந்ததுதான் சண்டைப் பாதுகாப்புக் குழு. ஒன்பது உறுப்பினர், செயலாளர் ஆசைத்தம்பி. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு இரண்டு பேரையும் பேசவைக்கப் பார்த்த உலகநாதனின் சித்தியைத் திருப்பூருக்கு மகன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். மன்னிப்பைப் பற்றி உபன்யாசம் பண்ண வந்தவரைக் கேட்டுக்கொண்டு விவசாயத்தைப் பற்றிப் பேசவைத்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் தொலைக்காட்சியில் எதையோ பார்த்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டதாகச் சேதி வர, பத்து நிமிடத்தில் அந்தத் தெருவுக்கே கேபிள் போய்விட்டது.

இதெல்லாம் ஜெயக்கொடிக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது, அபிராமிக்குக் கல்யாணம் நிச்சயமாகும்வரை.

மாப்பிள்ளை ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவர், நல்ல பையன். முகூர்த்தம் ஆவணியில், கடல் தாண்டிச் செபு நகரத்தில் நடக்கப்போகும் போட்டி முடிந்த பத்தாம் நாள். பத்திரிகை அச்சாகி வந்ததும், மஞ்சள் தடவிய முதல் பத்திரிகையில் 'அக்கா இந்திராணி' என்று ஜெயக்கொடி தன் கையாலேயே எழுதினாள். எத்தனை கோபமிருந்தாலும் வீட்டுக்கு மூத்தவள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, வாய்திறந்து கூப்பிட்டால்தான் அது அழைப்பு. பந்திடம் சொல்லி அனுப்புகிற காரியமில்லை. அவள் தட்டைக் கையில் எடுத்தபோது ஆசைத்தம்பி வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, நீ வாயத் தொறந்தா சண்டை போச்சு. சண்டை போனா பந்து ஊமை. பந்து ஊமையானா நாட்டு மானம் போச்சு" என்றார். "மூத்தவங்களுக்குக் கடைசியா வெச்சுக்க. கப்ப வாங்கின கையோட, அங்கயே குடுத்துரலாம். இது என்கிட்ட பத்திரமா இருக்கட்டும்." பத்திரிகையை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஜெயக்கொடி யோசித்தாள். பதினோரு வருடம் போயாயிற்று, இருபது நாளில் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தாள். ஊரில் ஒவ்வொரு வீடாகப் பத்திரிகை வைத்துக்கொண்டு வந்தார்கள். பால்காரருக்கு வைத்தார்கள், கிடங்கு கூட்டுகிற தவமணிக்கு வைத்தார்கள், சண்டைக்கார வாத்தியாருக்கும் சம்சாரத்துக்கும் தனித்தனியே இரண்டு வைத்தார்கள். அபிராமி மட்டும் ஒரு நாள் கேட்டாள்.

"பெரியம்மாவுக்கு இன்னும் வெக்கலியாம்மா?"

"வெக்கலாம் வெக்கலாம்."

"அவங்க என்கிட்ட ஒண்ணும் கேக்கல. ஆனா தவமணி அக்கா கையில பத்திரிகையப் பாத்துட்டு உள்ள போயிட்டாங்க."

ஜெயக்கொடிக்குச் சுருக்கென்றது. ஆனால் அதற்கு மறுநாளே விமானம்.

செபு நகரமும் தேங்காய் ஊர்தான் என்பதால் போய் இறங்கியதும் இரண்டு பேருக்கும் காற்று பழகிய காற்றாக இருந்தது. இருபத்துநான்கு நாடுகள் வந்திருந்தன. முதல் ஆட்டத்தில் அந்த ஊர் வெள்ளைப் பந்து கொஞ்சம் தயங்கியது. நான்காவது அடியில் பேச ஆரம்பித்துவிட்டது. அதற்கு ழகரம் வரவில்லை, குழியைக் 'குலி' என்றது, மற்றபடி குறைசொல்ல ஒன்றுமில்லை. ஸ்பெயினிலிருந்து வந்த புதுமணத் தம்பதிகள் ஒரு ஆட்டத்துக்குள் நான்கு முறை ஒருவரையொருவர் கொஞ்சி நான்கு ஃபவுல் வாங்கித் தோற்றார்கள். தோற்ற ஆத்திரத்தில், இந்தியர்களின் பந்து பேசுகிறது என்று புகார் கொடுத்தார்கள். அதிகாரிகள் மூன்று பேர் வந்து மாறி மாறிப் பந்தில் காதை வைத்துக் கேட்டார்கள். பந்தை மாற்றிப் பார்த்தார்கள். பிறகு விதிப்புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் விவாதித்து, ஆட்டக்காரர் பந்தோடு பேசுவது உலக வழக்கம், பந்து ஆட்டக்காரரோடு பேசுவதைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை, பந்து கூட்டாளியும் அல்ல, ஆகவே இந்தியா போட்டியில் தொடரலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். நியாயமான தீர்ப்புதான்.

அரையிறுதியில் இந்திராணி ஒரு பந்தை அவ்வளவு ஓங்கி அடித்தாள், வெள்ளைப் பந்து நான்கு சுவரிலும் முட்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஜெயக்கொடியிடம் வந்து நின்றது. "கல்யாண ஏற்பாடெல்லாம் எப்படிப் போகுதுன்னு கேட்டாங்க" என்றது.

ஜெயக்கொடிக்குச் சந்தோஷமாகப் போயிற்று. ஆட்டத்தின் நடுவில் இப்படி விசாரிக்கிறாளே, உள்ளுக்குள் அவளுக்கும் இளகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "நல்லபடியா போகுது, எல்லாருக்கும் பத்திரிகை வெச்சாச்சுன்னு சொல்லு" என்று சொல்லி அடித்தாள். இந்திராணி குனிந்து அதைக் கேட்டாள். கேட்டுவிட்டு, அடிக்காமல், கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தாள். முதுகு வலிக்கிறதாக்கும் என்று ஜெயக்கொடி நினைத்தாள்.

இறுதி ஆட்டம் பின்லாந்தோடு. பனைமரம் மாதிரி வளர்ந்த இரண்டு சகோதரர்கள், இயல்பிலேயே பேச்சு இல்லாதவர்கள், பேசக் கூடாது என்ற விதியே அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. முதலில் ஏழு ஆட்டம் ஜெயிப்பவர்களுக்குக் கப். ஆறுக்கு ஆறு என்று வந்து நின்றது. கடைசி ஆட்டத்தில் ஒவ்வொன்றாக விழுந்து, எட்டாம் எண்ணும் ஒன்பதாம் எண்ணும் மட்டும் மேசையில் மிச்சமிருந்தன. எட்டு ஒரு மூலைக் குழியின் வாயில் இருந்தது, வெள்ளைப் பந்து அதற்கு ஒரு சாண் பின்னால். ஒன்பது நடுக் குழியின் விளிம்பில், ஊதினால் விழும்போல நின்றது. இந்திராணி எட்டைப் போட வேண்டும், ஜெயக்கொடி ஒன்பதைப் போட வேண்டும், அவ்வளவுதான். முன்வரிசையில் ஆசைத்தம்பி சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். பூவாளக்குடி கிடங்கில் திரையைக் கட்டி ஊரே உட்கார்ந்திருந்தது.

இந்திராணி குனிந்தாள். பந்திடம் வழக்கத்தைவிட அதிக நேரம் பேசினாள். பிறகு பூப்போல ஒரு தட்டு. எட்டு விழுந்தது. வெள்ளைப் பந்து ஒரு சாண் தூரம்தான் நகர்ந்தது, நின்றது.

ஜெயக்கொடி ஒன்பதைக் குறிபார்க்கக் குனிந்தாள். தேய்வதற்கு விரிப்பே இல்லாமல் போனதால், பந்து வாங்கியதை வாங்கியபடியே, சூடு குறையாமல், இந்திராணியின் குரலிலேயே சொன்னது.

"பால்காரனுக்கு வெச்சா, கிடங்கு கூட்டுறவளுக்கு வெச்சா, எனக்கு வெக்கல. நேத்தும் கேட்டேன், எல்லாருக்கும் வெச்சாச்சுன்னு என்கிட்டயே சொல்றா. அன்னிக்கும் இப்படித்தான். காலையில அஞ்சு மணிக்கு எழுந்து பட்டு கட்டிக்கிட்டு, புள்ளைக்குக் கொலுசு வாங்கி மடியில வெச்சுக்கிட்டு, நடு ரூம்புல உக்காந்திருந்தேன். வீட்டுக்குள்ள இருக்கறவதானேன்னு யாரும் கூப்பிடல. வாக்கான்னு ஒரு வார்த்தை இல்ல. பந்தி முடிஞ்சு எலை எடுக்கற சத்தம் கேக்குற வரைக்கும் உக்காந்திருந்தேன். இந்தத் தடவ உக்கார மாட்டேன். கல்யாணத்தன்னிக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்னு சொல்லு."

ஜெயக்கொடி குனிந்தபடியே இருந்தாள். ஒரே வீட்டில் இருப்பவளுக்கு எதற்குத் தட்டு, எதற்கு அழைப்பு, அவள் வீட்டு விசேஷம்தானே என்று அன்றைக்கு நினைத்தது அவள்தான். அது மறந்து விட்டதல்ல, உரிமை என்று நினைத்துக் கூப்பிடாமல் விட்டது. நானூறு பேரை வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிட்டுவிட்டு, சாத்திய கதவுக்கு வெளியே நாலு தடவை நடந்துபோயும் அதைத் தட்டாமல், உள்ளே இருக்கிறவளுக்கு வயிற்றெரிச்சல் என்று பதினோரு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையாக வந்தது.

ஒரு அடி அடித்து ஒன்பதைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் பூவாளக்குடியில் இன்றும் இருக்கிறார்கள். அவளுக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் பால்காரருக்கு அப்புறம், தவமணிக்கு அப்புறம், ஊருக்கே அப்புறம் என்று ஆகிவிட்டது. இனி அக்காவுக்கு முன்னால் மிச்சமிருப்பது அந்தக் கப் ஒன்றுதான். அதற்காவது அப்புறமாக இருக்க வேண்டாம்.

அவள் நிமிர்ந்து கம்பை மேசைமேல் படுக்கவைத்தாள். நேராக முன்வரிசைக்குப் போய் ஆசைத்தம்பியின் முன்னால் கையை நீட்டினாள். அவர் பையை இறுகப் பிடித்துக்கொண்டு, "வேணாம் தங்கச்சி, ஒத்த அடி" என்றார். அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு பத்திரிகையை எடுத்துக் கொடுத்துவிட்டு, துண்டால் கண்ணை மூடிக்கொண்டார்.

தட்டு இல்லை. பந்துகளை அடுக்கி வைக்கிற தட்டு ஓரமாக இருந்தது, அதை எடுத்தாள். வெற்றிலைக்கு எங்கே போவது. பின்லாந்துத் தம்பிக்கு என்ன புரிந்ததோ, தன் பையைத் துழாவி ஒரு வாழைப்பழத்தை எடுத்துத் தட்டில் வைத்தான். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, பரிசளிப்புக்கு வைத்திருந்த பூச்செண்டிலிருந்து ஒரு பூவை உருவி வைத்தார். ஜெயக்கொடி தட்டோடு இந்திராணியின் முன்னால் போய் நின்றாள். பதினோரு வருடத்தில் அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. காதோரம் நரைத்துப்போயிருந்தது.

"அக்கா" என்றாள். "அபிராமிக்கு ஆவணி இருபத்தி அஞ்சு கல்யாணம். நீதான் முன்ன நின்னு நடத்தி வெக்கணும். வாக்கா. அன்னிக்கும் கூப்பிட்டிருக்கணும், எனக்குப் புத்தியில்ல. வாக்கா."

"ஃபவுல்" என்றார் நடுவர். மெதுவாகத்தான் சொன்னார்.

இந்திராணி தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். பத்திரிகையை எடுத்து, அரங்கம் முழுவதும் காத்திருக்க, முன்பக்கம், உள்பக்கம், பின்பக்கம், அச்சகத்தின் பெயர்வரை நிதானமாகப் படித்தாள். அவள் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர் பேர இவ்ளோ பொடிசாப் போட்டிருக்கே" என்றாள்.

"மாத்தி அடிக்கச் சொல்றேன்க்கா."

"இனிமே எங்க அடிக்கிறது. ஊருக்கே குடுத்தாச்சுல்ல." அவள் சற்று நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். "உக்காரு."

வெள்ளைப் பந்தை எங்கே வேண்டுமானாலும் வைத்து அடிக்கலாம் என்று பின்லாந்துக்காரர்களுக்கு உரிமை கிடைத்தது. அண்ணன்காரன் பந்தைக் கையில் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தான். அது ஒன்றும் சொல்லவில்லை, வெறும் பந்தாகிவிட்டிருந்தது. அவன் பெஞ்சைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான், வேறு வழியில்லாமல் ஒன்பதைத் தட்டிக் குழியில் விட்டான். கைதட்டல் எழுந்தது. அங்கே பூவாளக்குடிக் கிடங்கில் முதலில் ஐயோ என்ற சத்தமும், அடுத்து பெண்கள் பக்கமிருந்து ஒரு குலவையும் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொலுசை என்னக்கா பண்ணின, வெச்சிருக்கேன், அவளுக்கு இப்ப பத்துமா, பூட்டு மாத்தினா பத்தும், அந்த வருசம் மழைக்குக் கிடங்கு ஒழுகினப்ப எம்மேல கோவமா, பின்ன இருக்காதா, உங்கம்மா செத்தப்ப நான் ராத்திரியெல்லாம் கதவோரம்தான் நின்னேன், தெரியும் காலு தெரிஞ்சுது, தெரிஞ்சுமா கூப்பிடல, நீ ஏன் வரல என்று ஒருத்தி முடிப்பதற்குள் மற்றவள் தொடங்கி, பேச்சு போய்க்கொண்டே இருந்தது. மேடை போட்டார்கள், கொடி ஏற்றினார்கள், இரண்டாம் பரிசு இந்தியா என்று ஒலிபெருக்கியில் மூன்று முறை கூப்பிட்டார்கள். கடைசியில் நடுவரே வந்து எதிரில் நின்று, மேடையைக் காட்டிக் கையைக் கூப்பினார்.

இந்திராணி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"செத்த இருங்கய்யா" என்றாள். "இப்பதான் ரெண்டாவது வருசத்துக்கே வந்திருக்கோம்."